சைலன்சரும் சாலை நாகரிகமும்

பெயர் ஒன்றாகவும் செயல் வேறாகவும் இருக்கும் பொருள்கள் உலகில் பல உண்டு. அவற்றுள் ஒன்று மோட்டார் சைக்கிளின் சைலன்சர். ஓசையை அடக்குவதற்காகவே அதற்கு அப்பெயர் வந்தது. இன்றோ உதிரிப்பாகக் கடைக்குச் சென்று சைலன்சர் கேட்டால், "சவுண்டு எப்படி வரணும், தம்பி?" என்று கேட்டுவிட்டுத்தான் பெட்டியைப் பிரிக்கிறார்கள். அடக்குவதற்குப் பிறந்த பொருள் அலறுவதற்கு விற்கப்படுகிறது.

அந்த அலறலை விரும்புவோர் உண்டு, வெறுப்போர் உண்டு, 'நமக்கென்ன' என்று சகித்துக்கொள்வோரும் உண்டு. ஒரே தெருவில், ஏன், ஒரே வீட்டிலேயே இம்மூவரையும் காணலாம். ஒரே ஓசை ஒருவர் செவிக்கு இசையாகவும் மற்றொருவர் செவிக்கு இடியாகவும் ஒலிப்பது ஏன்? இயற்பியல் பயிலும் மாணவன் என்ற முறையில் நான் இதைப் பற்றிப் பலரிடம் கேட்டேன். நூல்களையும் விதிகளையும் புரட்டினேன். அவ்வாறு அறிந்தவற்றை நம் கல்லூரி நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். இதில் எனக்குச் சொந்த அக்கறையும் உண்டு. அதனை உரிய இடத்தில் கூறுவேன்.

ஓசை பிறக்கும் விதம்

நான்கு வீச்சு எஞ்சினில் உறிஞ்சல், அமுக்கம், வெடிப்பு, வெளியேற்றம் என்று நான்கு நிகழ்ச்சிகள் முறையே நடைபெறுகின்றன. எரிந்து விரிந்த வாயு, வால்வு திறந்தவுடன் வெளிக்காற்றைவிடப் பன்மடங்கு அழுத்தத்தோடு பீறிட்டு வெளியேறுகிறது. ஊதிய பலூனைக் குத்தினால் எழும் ஓசையும் இதுவும் ஒரே இனத்தவை. பலூன் ஒருமுறைதான் வெடிக்கும். எஞ்சினோ ஓடும்வரை வெடித்துக்கொண்டே இருக்கும்.

எஞ்சின் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு சிலிண்டரில் ஒரு வெளியேற்றம் நிகழும். ஒற்றைச் சிலிண்டர் மோட்டார் சைக்கிள் நிமிடத்திற்கு 3000 சுற்று சுற்றினால் 1500 வெளியேற்றங்கள். அதாவது வினாடிக்கு 25. நான்கு சிலிண்டர் காரில் அதே வேகத்தில் வினாடிக்கு 100. கார் 'உம்' என்று முனகுவதும், மோட்டார் சைக்கிள் 'டப் டப்' என்று தட்டுவதும் இதனால்தான். நின்ற இடத்தில் எஞ்சின் நிமிடத்திற்கு 1000 சுற்று மட்டும் சுற்றும்போது வினாடிக்கு எட்டு வெடிப்புகளே நிகழ்வதால், நம் காது அவற்றைத் தனித்தனித் தட்டல்களாகவே உணர்கிறது.

இத்தாளத்திற்குப் பெயர் பெற்றது புல்லட். 1955-ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பெற்று, திருவொற்றியூரில் ஆலை அமைத்த என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் தயாரிப்பு அது. பழைய 350 புல்லட்டின் சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தொலைவு 90 மில்லிமீட்டர். ஒல்லியாகவும் உயரமாகவும் அமைந்த அந்தச் சிலிண்டர் நிதானமாகச் சுற்றும், நிதானமாகவே தட்டும். தமிழகத்தின் சிற்றூர்களில் வண்டியைக் காணும் முன்பே, வருபவர் இன்னார் என்று அந்த ஓசையைக் கொண்டு சொல்லிவிடுவார்கள்.

ஓசை அடங்கும் விதம்

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த ரீவ்ஸ் சகோதரர்கள் 1897-ஆம் ஆண்டிலேயே எஞ்சின் ஓசையை அடக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றனர். மோட்டார் வண்டி பிறந்து தவழ்ந்த காலத்திலேயே அதன் வாயைப் பொத்த வேண்டும் என்ற எண்ணமும் பிறந்துவிட்டது எனலாம்.

சைலன்சர் மூன்று வழிகளில் வேலை செய்கிறது. முதலாவது, குறுகிய குழாயிலிருந்து வரும் வாயுவை அகன்ற அறைக்குள் விட்டு விரியச் செய்வது; விரிந்தால் அழுத்தம் தணியும். இரண்டாவது, உள்ளே இருக்கும் தடுப்புத் தகடுகளிலும் துளைக் குழாய்களிலும் ஒலி அலைகளை மோதித் திரும்பச் செய்து, ஓர் அலையின் முகடும் மற்றொன்றின் பள்ளமும் சேர்ந்து ஒன்றையொன்று அழிக்குமாறு செய்வது. குறுக்கீட்டு விளைவு என்று நாம் வகுப்பில் படிப்பது இதுவே. மூன்றாவது, கண்ணாடி நார் போன்ற பொருளைச் சுற்றிலும் அடைத்து ஒலியை உறிஞ்சி வெப்பமாக மாற்றுவது.

ஓசையைக் கூட்ட விரும்புவோர் செய்வது இதற்கு நேர்மாறு. தடுப்புகளை அறுத்து எடுத்துவிடுகிறார்கள். அல்லது வெறுங்குழாய் ஒன்றைப் பொருத்திவிடுகிறார்கள். 2020 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்கப்படும் வண்டிகள் பி.எஸ்.-6 தரத்திற்கு உட்பட்டவை. அவற்றின் புகைக்குழாயிலேயே நச்சு வாயுக்களை மாற்றும் வினையூக்கிப் பகுதியும் அமைந்திருக்கிறது. முழுக் குழாயையும் கழற்றி எறிபவர் ஓசையோடு நச்சுப் புகையையும் சேர்த்தே அவிழ்த்து விடுகிறார்.

"இதனால் வண்டிக்குப் பவர் கூடுமாமே?" என்று எங்கள் ஊர்ப் பட்டறை மெக்கானிக் ஒருவரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். "பந்தய வண்டிக்கு எஞ்சினையும் பெட்ரோல் அளவையும் சேர்த்து மாத்துவாங்க, தம்பி. குழாயை மட்டும் மாத்தினா சத்தம் கூடும், அந்தச் சத்தத்துல வேகம் கூடின மாதிரி தோணும்" என்றார். "பிறகு ஏன் மாட்டிக் கொடுக்கிறீர்கள்?" என்றேன். "நான் மாட்டாட்டி எதிர்க்கடையில மாட்டிக்குவாங்க. எனக்கு வாடகை கட்டணுமே" என்று விடை வந்தது. அவரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. இதுவும் ஒரு நோக்கு என்று குறித்துக்கொண்டேன்.

டெசிபெல் கணக்கு

ஒலியை டெசிபெல் என்னும் அலகால் அளக்கிறோம். இது சாதாரணக் கூட்டல் கணக்கு அன்று, மடக்கைக் கணக்கு. 10 டெசிபெல் உயர்ந்தால் ஒலிச் செறிவு 10 மடங்கு. 20 உயர்ந்தால் 100 மடங்கு. 30 உயர்ந்தால் 1000 மடங்கு. ஆனால் நம் காது 10 டெசிபெல் உயர்வை ஏறத்தாழ இருமடங்கு உரப்பாகவே உணர்கிறது. உண்மையான உயர்வைவிடக் குறைவாகவே காது நமக்குக் கணக்குச் சொல்கிறது.

175 சி.சி.க்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள் தயாரிப்புக்கு 2005 முதல் நம் நாட்டில் வகுக்கப்பட்ட ஒலி வரம்பு 80 டெசிபெல். வண்டி ஓடும் கோட்டிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி அளக்கப்படுவது. குழாயை மாற்றியதால் இது 100 ஆயிற்று என்று வைத்துக்கொள்வோம். 20 டெசிபெல் உயர்வு என்றால் செறிவு நூறு மடங்கு. அஃதாவது, விதிக்கு உட்பட்ட நூறு மோட்டார் சைக்கிள்கள் ஒன்றாகச் செல்வதற்குச் சமமாக அந்த ஒருவர் செல்கிறார்!

திறந்த வெளியில் தொலைவு இருமடங்கானால் ஒலி 6 டெசிபெல் குறையும். அப்படியானால் 7.5 மீட்டரில் 100 ஆக இருந்தது 15 மீட்டரில் 94. 30 மீட்டரில் 88. 60 மீட்டரில் 82. விதிப்படி ஓடும் வண்டி நம் வாசலில் எழுப்பும் ஓசையைவிட, மாற்றிய வண்டி பத்து வீடு தாண்டி எழுப்பும் ஓசை அதிகம். இருபுறமும் சுவர்கள் நெருங்கிய தெருவிலோ ஒலி எதிரொலித்து, இவ்வளவுகூடக் குறையாது.

விரும்புவோர் வாதம்

விடுதியில் என் அறை நண்பன் ஓசை வண்டியின் அன்பன். அவன் கூறும் காரணங்கள் மூன்று. ஒன்று, அழகு. "நாதஸ்வரம் உனக்கு, இது எனக்கு" என்பான். இதை நான் மறுப்பதற்கில்லை. அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் நிறுவனம் தன் எஞ்சினின் ஓசையையே வணிகக் குறியாகப் பதிவு செய்யக் கோரி 1994-இல் விண்ணப்பித்தது. போட்டி நிறுவனங்கள் எதிர்த்தன; ஆண்டுகள் பல வழக்காடிய பின் 2000-இல் அந்நிறுவனமே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது. ஓர் ஓசைக்காக ஆறு ஆண்டுகள் போராடினார்கள் என்றால், அதில் மக்கள் கொண்ட பற்று எத்தகையது என்பது விளங்கும்.

இரண்டாவது, பாதுகாப்பு. உரத்த குழாய் உயிரைக் காக்கும் என்பது அமெரிக்க மோட்டார் சைக்கிள்காரர்களிடையே வழங்கும் கோஷம். லாரிக்காரர் கண்ணில் படாவிட்டாலும் காதில் படுவோம் என்பது இதன் கருத்து.

மூன்றாவது, நியாயம். "பஸ்காரர் ஏர் ஹார்ன் அடிக்கிறார், கல்யாண மண்டபத்தில் ஒலிபெருக்கி அலறுகிறது, திருவிழாவில் வேட்டு வெடிக்கிறது. அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளும் ஊர் என்னை மட்டும் ஏன் ஏசுகிறது?" என்று கேட்பான்.

பாதுகாப்பு என்பது உண்மையா?

இரண்டாம் வாதத்தை அறிவியல் கண்கொண்டு நோக்குவோம். தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் என்பவர் தலைமையில், லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் நிகழ்ந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நிகழ்ந்த இடத்திற்கே சென்று ஆராய்ந்தனர். 1981-இல் வெளிவந்த அவ்வறிக்கை, விபத்துக்குக் காரணமான இடையூறுகளில் முக்கால் பங்கிற்கு மேற்பட்டவை ஓட்டுபவருக்கு நேர் முன்னாலோ, அதற்கு இருபுறமும் 45 பாகைக்குள்ளோ இருந்தன என்று கூறுகிறது. ஆபத்து வருவது முன்னால். குழாயின் வாய் இருப்பதோ பின்னால். ஓசையின் பெரும்பங்கு, ஏற்கனவே கடந்துவிட்டவர்களின் காதைத்தான் சென்றடைகிறது.

இதைவிடத் தெளிவான விடையை நம் கல்லூரியில் முதுகலைத் தமிழ் பயிலும், பார்வையற்ற அண்ணன் ஒருவர் எனக்குத் தந்தார். கல்லூரி வாயிலிலிருந்து பஸ் நிறுத்தம்வரை அவர் நாள்தோறும் தனியே நடந்து செல்பவர். "ரோடு எனக்குக் காதுலதான் இருக்கு, தம்பி. பஸ் எவ்வளவு தூரத்துல வருது, ஆட்டோ நிக்குதா நகருதா, எல்லாம் காதுதான் சொல்லும். அந்த மாதிரி வண்டி ஒண்ணு போச்சுன்னா ரோடு முழுசும் அழிஞ்சுபோயிடும். அது போய் ஓயறவரைக்கும் நின்ன இடத்துலயே நிப்பேன்" என்றார். கண்ணுள்ளவர்க்கு முகத்திலடிக்கும் ஒளி எத்தகையதோ அத்தகையது அவருக்கு அவ்வோசை. ஓட்டுபவனைக் காப்பாற்றுவதாகச் சொல்லும் ஓசை, நடப்பவனின் கண்ணை மறைக்கிறது.

நியாயம் என்னும் கேள்வி

மூன்றாம் வாதத்தை அவ்வளவு எளிதில் தள்ளிவிட முடியாது. மாறி மாறி ஒலிக்கும் பல்லொலி ஹார்ன்களை மத்திய மோட்டார் வாகன விதிகள் தடுத்திருந்தும் அவை சாலையில் ஒலித்துக்கொண்டுதான் இருக்கின்றன. ஒலிபெருக்கிக்கும் இரவு 10 மணிமுதல் காலை 6 மணிவரை கட்டுப்பாடு உண்டு. அதுவும் எல்லா ஊரிலும் மதிக்கப்படுவதில்லை. சட்டம் ஒருவரைப் பிடித்து மற்றவரை விட்டால், பிடிபட்டவன் முணுமுணுக்கத்தான் செய்வான். ஆயினும், அடுத்தவர் தவறு நம் தவற்றைச் சரியாக்கிவிடாது. திருவிழா எந்த நாளில் வரும், எப்போது முடியும் என்று ஊருக்குத் தெரியும். தெருவைக் கிழித்துச் செல்லும் வண்டி எந்த நொடியில் வரும் என்பது எவருக்கும் தெரியாது. எதிர்பாராத ஓசையே நெஞ்சை அதிகம் பதற வைக்கிறது.

எங்கள் தெருப் பால்காரரின் மொபெட் அதிகாலை நாலரை மணிக்கு வரும். துருப்பிடித்து ஓட்டை விழுந்த சைலன்சர், ஓசை சிறிதன்று. ஆனால் அவரை எவரும் ஏசியதில்லை. புதுக் குழாய் வாங்க அவரிடம் பணமில்லை என்பது தெருவுக்குத் தெரியும். வறுமையால் எழும் ஓசைக்கும் விருப்பத்தால் எழுப்பும் ஓசைக்கும் மக்கள் மனம் வேறுவேறு தீர்ப்பு வழங்குகிறது. காது இரண்டையும் ஒன்றாகவே கேட்கிறது என்பதும் உண்மை.

உறக்கத்தின் விலை

இனி என் சொந்த அக்கறையைக் கூறுகிறேன். என் தந்தையார் நூற்பாலைத் தொழிலாளி. இரவு ஷிப்டு பார்த்துவிட்டுக் காலை எட்டு மணிக்கு வீடு திரும்பி, ஒன்பது மணிக்குப் படுப்பார். எங்கள் வீடு சாலை மேடேறும் திருப்பத்தில் இருக்கிறது. மேட்டில் ஏறும் வண்டிகள் அங்குதான் ஆக்சிலேட்டரை முறுக்கும். கல்லூரிக்கும் வேலைக்கும் செல்லும் ஓசை வண்டிகள் ஒவ்வொன்றும் அவரைத் தட்டி எழுப்பும். அவர் எவரையும் திட்டுவதில்லை. எழுந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு மீண்டும் படுப்பார். அம்மாதான், "ராத்திரி மெஷின் முன்னால கண்ணசந்தா என்ன ஆகும்?" என்று தமக்குள் சொல்லிக்கொள்வார்.

நம் நாட்டின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல் என்றும், இரவில் 45 டெசிபெல் என்றும் வரம்பு கட்டுகின்றன. இரவு என்பது 10 மணிமுதல் 6 மணிவரை. உறங்குபவர்க்காகவே இரவின் வரம்பைக் குறைத்தார்கள். ஆனால் ஊரெல்லாம் உறங்கும்போது விழித்திருந்து நூல் நூற்பவரும், ஆஸ்பத்திரியில் நோயாளியைக் காப்பவரும், லாரி ஓட்டுபவரும், காவல் காப்பவரும் உறங்குவது பகலில் அல்லவா? அவர்களுடைய இரவு எந்த விதியிலும் இல்லை.

விந்தை என்னவென்றால், என் தந்தையார் புல்லட் ஓசையை வெறுப்பவர் அல்லர். "அப்பல்லாம் ஊருக்கு ஒரு புல்லட். அந்தச் சத்தம் கேட்டா வாசலுக்கு ஓடுவோம்" என்று இன்றும் சொல்வார். ஊருக்கு ஒன்றாக இருந்தபோது வேடிக்கை. தெருவுக்குப் பத்தாக ஆனபோது வேதனை. ஓசை மாறியது பாதி. எண்ணிக்கை மாறியது பாதி.

உறக்கம் கெடுவது வெறும் எரிச்சலோடு முடிவதன்று. உறங்குபவரின் காதும் விழித்தே இருக்கிறது. விழிப்பு வராத நிலையிலும் திடீர் ஓசை நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்துகிறது. உலக சுகாதார நிறுவனம் ஐரோப்பாவுக்காக 2018-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், சாலைப் போக்குவரத்தின் இரவு ஓசை சராசரி 45 டெசிபெலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தன. நீண்டகாலச் சாலை இரைச்சலுக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த பின்னரே அந்நெறிகள் வகுக்கப்பட்டன.

சட்டம் சொல்வது

1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-ஆம் விதி, ஒவ்வொரு மோட்டார் வாகனத்திலும் விரிவு அறை மூலமோ வேறு முறையிலோ இயன்றவரை ஓசையைக் குறைக்கும் சைலன்சர் இருக்க வேண்டும் என்கிறது. நாம் மேலே கண்ட இயற்பியல் சட்டப் புத்தகத்திலேயே இடம்பெற்றிருப்பது வியப்புக்குரியது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆம் பிரிவு, ஒலித் தரத்தை மீறி வண்டி ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மூன்று மாதம்வரை சிறை, அல்லது 10,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒலி மாசு வழக்கில் தெளிவான தீர்ப்பு ஒன்றை வழங்கியது. பேசுவதற்கு ஒருவருக்கு உரிமை உண்டு. அதைக் கேட்டே தீர வேண்டும் என்று மற்றவரைக் கட்டாயப்படுத்த உரிமை இல்லை. அமைதியாக வாழ்வது உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்பது அதன் சாரம். 2021-இல் மாற்றியமைத்த சைலன்சர்களின் ஓசையை அலகாபாத் உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது.

சில நகரங்களில் போலீசார் பறிமுதல் செய்த சைலன்சர்களை வரிசையாகச் சாலையில் அடுக்கி, ரோடு ரோலரை ஏற்றி நசுக்குகின்றனர். காண்பதற்கு நல்ல காட்சிதான். ஆனால் அதே குழாய் கடையில் பகிரங்கமாகத் தொங்கும்வரை, ஒன்றை நசுக்கினால் மற்றொன்று முளைக்கும். வாங்கியவனோடு விற்றவரையும் கேட்பதே முறை.

பிற நாடுகளில்

இந்தச் சண்டை மோட்டாரைவிடப் பழமையானது. கி.மு. 45-இல் ஜூலியஸ் சீசர் காலத்துச் சட்டம், ரோம் நகருக்குள் பகலில் பெரும்பாலான வண்டிகள் செல்வதைத் தடுத்தது. நெரிசல் குறைந்தது, ஆனால் வண்டிகள் எல்லாம் இரவில் கடகடக்கத் தொடங்கின. அந்நகரில் செல்வர்க்கே உறக்கம் கிட்டும் என்று பின்னாளில் புலவர் ஜூவனால் மனம் நொந்து பாடினார். கதவடைத்துக் குளிர்சாதனம் போட்டுக்கொள்பவர் வீட்டையும், ஓட்டு வீட்டில் சன்னல் திறந்து உறங்குபவர் வீட்டையும் ஒப்பிட்டால் அந்த நிலை இன்றும் மாறவில்லை.

பிரான்ஸ் நாட்டின் பாரிஸ் நகரில் 2022-இல், ஓசை மிகுந்த வண்டியை அளந்து எண் பலகையைப் படம்பிடிக்கும் ஒலி ரேடார் கருவியைச் சோதித்தனர். இங்கிலாந்திலும் அதே ஆண்டு இத்தகைய காமிராக்கள் சோதிக்கப்பட்டன. இதனால் போலீசாருக்கும் ஓட்டுபவருக்கும் இடையே 'அதிகம்', 'இல்லை' என்ற வாய்ச்சண்டைக்கு இடமில்லை, கருவி சொல்லிவிடும்.

மின்சாரக் கார்களின் கதையோ தலைகீழ். அவை ஓசையின்றி வருவதால் நடப்பவர்க்கு ஆபத்து என்று கருதி, மெதுவாகச் செல்லும்போது செயற்கையாக ஓசை எழுப்ப வேண்டும் என்று ஐரோப்பாவில் விதி செய்தனர். 2021 ஜூலை முதல் அங்கு விற்பனைக்குப் பதிவாகும் புதிய மின்சாரக் கார் ஒவ்வொன்றுக்கும் அது பொருந்தும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் அவ்வோசை குறைந்தது 56 டெசிபெல் இருந்தால் போதும் என்பது கணக்கு. இருவர் நிதானமாக உரையாடும் அளவே அது. 'நான் வருகிறேன்' என்று பிறருக்கு அறிவிக்க அவ்வளவு போதும். அதற்கு மேற்பட்டதெல்லாம் 'என்னைப் பார்' என்பதற்காகத்தான்.

நாம் செய்யத் தக்கது

சாலை பொதுச் சொத்து. அதில் ஓட்டுபவர்க்கு இன்பம் கொள்ள உரிமை உண்டு. ஓரத்தில் வாழ்பவர்க்கு உறங்க உரிமை உண்டு. இரண்டும் மோதும்போது, எவரால் விட்டுக்கொடுக்க முடியும் என்று பார்ப்பதே நியாயம். ஓசையை விரும்புபவன் குழாயை மாற்றலாம்; வழியை மாற்றலாம்; வேகத்தைக் குறைக்கலாம். உறங்குபவர் தம் காதைக் கழற்றி வைக்க முடியாது.

கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், நீதிமன்றங்கள் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர்வரை அமைதி மண்டலமாக அறிவிக்க விதியில் இடமுண்டு. நம் கல்லூரி வாயிலில் அப்பலகை ஒன்றை நாட்டுமாறு மாவட்ட நிர்வாகத்தை வேண்டலாம். ஆனால் பலகை நட்டுவிட்டு நாமே உறுமிக்கொண்டு உள்ளே நுழைந்தால் நகைப்புக்கிடமாகும். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஒலி அளவு கருவியோடு வாயிலில் நின்று, எந்த நேரத்தில் எவ்வளவு ஓசை என்று ஒரு வாரம் குறித்தால், அந்தக் குறிப்பே நல்ல விண்ணப்பமாகும்.

விடுதி நண்பனிடம் இவற்றையெல்லாம் கூறினேன். குழாயை அவன் இன்னும் மாற்றவில்லை. எனினும், எங்கள் வீட்டுத் திருப்பம் வந்தால் ஆக்சிலேட்டரைத் தளர்த்தி மெல்லச் செல்வதாகச் சொன்னான், செய்தும் வருகிறான். உள்ளே ஒருவர் உறங்குகிறார் என்று அறிந்ததே அதற்குக் காரணம். மாணவ நண்பர்களே! ஒவ்வொரு தெருவிலும் அப்படி ஒருவர் உறங்குகிறார். அவர் யாரென்று நமக்குத் தெரியாதிருக்கலாம். அவர் இருக்கிறார் என்பது தெரிந்தால் போதும்.